ஞானமுத்து அண்ணன் தேடிய மூன்று மணி

சேதி வந்தபோது நான் லாரியிலிருந்து இறங்கிய ஏத்தன் வாழைக்குலைகளைக் கயிற்றில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். வக்கீல் ஞானமுத்து அண்ணனின் ஜூனியர் போனில் ஒரே வரி சொன்னார்: "சார் போயிட்டாங்க." கட்டிய குலையை அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். திரும்பவும் அதையே அவிழ்த்தேன். மட்டிப்பழம் கேட்ட ஒரு அம்மாவுக்குச் செந்துளுவன் பழத்தைப் பொதிந்து கொடுத்திருக்கிறேன். அவர் திரும்பி வந்து சண்டை போட்ட பிறகுதான் கடையை அடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கொட்டாரம் ஊரில் அவர் வீட்டு முற்றத்தில் அன்று துக்கத்துக்கு வந்து என்னைப் பார்த்த நீங்கள், இவன் ஏன் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறான் என்று நினைத்திருப்பீர்கள். அது அவரிடமிருந்து ஒட்டியது. அண்ணன் உட்கார்ந்து பேசி நம்மில் யாரும் பார்த்ததில்லை. என் கடைக்கு வந்தால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடி பேசுவார். போகிறபோது ஒரு பழம், வருகிறபோது ஒரு பழம் உரிப்பார். பெரிய வழக்கு என்றால் எனக்கு ஒரு சீப்பு நஷ்டம்.

அவர் எனக்காக நடத்திய வழக்கு உங்களில் பலருக்கு ஒரு சிரிப்புக் கதையாகத்தான் தெரியும். எனக்கு அது சோற்றுப் பிரச்சினை. பேருந்து நிலையத்தில் இருக்கும் என் பழக்கடை பேரூராட்சிக்குச் சொந்தம். குத்தகைக் காலம் முடிந்ததும் மறுபடி டெண்டர் வைத்தார்கள். கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் உறையைப் பெட்டியில் போட வேண்டும். நான் படித்தது பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டு தடவை. விண்ணப்பத்தில் அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் என் பெயரை எழுதி, அடித்து, வேறு தாள் வாங்கி எழுதி, ஓடிப்போய் நின்றபோது பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மணி கழிஞ்சாச்சு அண்ணாச்சி. சுவரைப் பாரும்," என்றார் எழுத்தர்.

பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டியிருந்தது. என் கைக்கடிகாரத்திலும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து மகள் தன் போனில் மணியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்: "அப்பா, போட்டாச்சா? இன்னும் நாலு நிமிஷந்தான் இருக்கு!"

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் என் கைக்கடிகாரம் உட்பட எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் வேகம். பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸை விடாமல் இருக்க நான் செய்த ஏற்பாடு. வேகம் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், எல்லாரும் பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டு நிதானமாகப் பல் தேய்ப்பார்கள். மகள் பதினைந்து கழிப்பாள். அவள் மட்டும் பஸ்ஸை விடுவாள்.

இந்தக் குடும்ப ரகசியம் கோர்ட்டில் வெளியானது. எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் வைத்துக் கேட்டார்: "பெட்டியை மூடினப்போ உங்க கைக்கடிகாரத்துல மணி என்ன?"

"மூணு கழிஞ்சிருந்து சார்."

"அப்போ நீங்க லேட்டு."

"இல்ல சார், அது வேகம்."

"லேட்டா வாறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஞானமுத்து அண்ணன் எழுந்து, "என் கட்சிக்காரரின் கடிகாரமும் அலுவலகக் கடிகாரமும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. ஒன்றை நம்பக்கூடாது என்றால் மற்றதை மட்டும் எப்படி நம்புவது?" என்றார். மகள் கூப்பிட்டதாக என் போனில் பதிவாகியிருந்த நேரத்தைக் காட்டினார்: மூன்றுக்கு நான்கு நிமிடம் குறைவு. எதிர்த்தரப்பு விடவில்லை: "செல்போன் காட்டுவதுதான் இந்தியாவின் நேரம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?"

அந்தச் சட்டத்தைத் தேடிவர அண்ணன் வாய்தா வாங்கினார்.

அதன்பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நூலகத்துக்கும் கோர்ட்டுக்கும் என் கடைக்குமாக நடந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் நாட்டுக்கு ஒரே நேரம் என்று அரசு அறிவித்ததையும், அதற்குப் பிறகும் கல்கத்தாவும் பம்பாயும் பல வருடம் தங்கள் நேரத்தை விடாமல் வைத்திருந்ததையும் கண்டுபிடித்தார். டெல்லியில் ஓர் ஆய்வகம் நேரத்தைக் காத்து வருகிறது என்பதும் கிடைத்தது. ஆனால் இதுதான் சட்டப்படி இந்த நாட்டின் நேரம், எல்லாரும் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொல்லும் தனிச்சட்டம் ஒன்று அவர் தேடியவரை கிடைக்கவில்லை.

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணே?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதத்தான் மக்கா யாரும் எழுதி வைக்க மாட்டான்."

சாக்பீஸால் கடைத் தரையில் ஒரு கோடு போட்டார். வடக்கே மிர்சாப்பூர் பக்கமாகப் போகிற கோடு. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதை வைத்துத்தான் நாடு முழுவதற்கும் பன்னிரண்டு. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நம் உச்சிவெயில் ஏறக்குறைய இருபது நிமிடம் பிந்தித்தான் வரும்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ நம்ம சூரியன்படி பாத்தா எனக்கு இன்னும் இருபது நிமிஷம் கூடக் கிடைக்குமே! அதைக் கேளுங்க அண்ணே!"

"கேட்டா நீ ஜெயிப்ப. நாளைக்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரன் தன் கடிகாரத்த ஒரு மணிக்கூர் முன்னாடி வச்சிருக்கத நீட்டுவான். ஊருக்கு ஒரு மூணு மணி வந்துரும். பொறவு எவன் டெண்டரும் டெண்டரா இருக்காது, கேட்டியா?" என்றார். என்னைப் பார்த்துக் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் தீர்ப்பு எழுத்தரின் வாயிலிருந்து வந்தது. சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் கடிகாரத்தைத் தானே கூட்டி வைத்ததாக அவர் ஒத்துக்கொண்டார். என்னைப்போல அவரும் ஒரு குடும்பஸ்தர். பெட்டி முன்கூட்டியே மூடப்பட்டது, என் உறையையும் பிரிக்க வேண்டும் என்றார் நீதிபதி. கடை எனக்கே நின்றது. எது சட்டப்படியான நேரம் என்பதை இந்த வழக்கில் தீர்மானிக்கத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார்.

லட்டுப் பெட்டியோடு அவரிடம் ஓடினேன். அண்ணன் அதைத் திறக்கவே இல்லை. "நீ ஜெயிச்ச மக்கா. நான் கேட்டதுக்குப் பதில் வரல்ல," என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

போன வருடம் அவர் படுக்கையில் விழுந்த பிறகு, எடையளவுச் சட்டத்தின் கீழ் இந்திய நேரத்துக்கு என்றே விதிகள் வரப்போவதாக மகள் சொன்னாள். சட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் அலுவலகத்துக்கும் அந்த ஒரே நேரம். அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வாசித்தேன்.

"வந்தாச்சா, வரப்போவுதா?"

"வரைவுதான் அண்ணே. நம்ம அபிப்பிராயம் கேக்காங்க."

எழுந்து உட்காரப் பார்த்தார். நர்ஸ் அதட்டினாள். படுத்தபடியே, "எழுது. பழக்கடைத் தராசுக்கு வருஷா வருஷம் வந்து முத்திரை குத்துதிய. ஆபீஸ் சுவர்ல தொங்குத கடிகாரத்துக்கு எவன் முத்திரை குத்துவான்? கேளு," என்றார். பழம் பொதிகிற தாளில் எழுதினேன். வாங்கிப் பார்த்து, "ஏலே, அபிப்பிராயத்துல இத்தனை பிழையா?" என்று சிரித்தார். எழுத்தைத் திருத்தி மகள் அனுப்பினாள். பதில் வரவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

ஞானமுத்து அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது சட்ட அறிவு அல்ல. அதற்கு என் தலையில் இடம் கிடையாது. மிஞ்சியது அந்தக் கேள்வியும், அதை வைத்துக்கொண்டு உட்கார முடியாத கால்களும்தான். போன வாரம் பேரூராட்சிக்கு வாடகை கட்டப் போனேன். சுவரில் புதுக் கடிகாரம்.

"இதுக்கு முத்திரை உண்டா?" என்று கேட்டேன்.

"உமக்கு வேற சோலி இல்லியா அண்ணாச்சி?" என்றார் புதிய எழுத்தர்.

"இல்லை" என்றேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.