உப்புக்குள் வந்த தண்ணீர்

உப்பு என்றால் வீட்டில் எல்லோரும் கறியுப்பைத்தான் நினைப்பார்கள். நான் செய்தது சேதன உப்பு, அதாவது கரிம உப்பு. ஓர் அமிலமும் ஒரு காரமும் சேர்ந்து, நேர் அயனும் எதிர் அயனுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எக்ஸ் கதிரில் பார்க்க, பழுதில்லாத ஒரேயொரு பளிங்கு, அதாவது படிகம், வேண்டும். அது கிடைத்தால்தான் எனக்குப் பட்டம். நான்கு மாதமாகப் பளிங்குக்குப் பதில் பிசுபிசுத்த களிதான் வந்தது.

தண்ணீர்தான் எதிரி என்று முடிவு கட்டியிருந்தேன். கண்டி மழைக்காலத்தில் பிஸ்கட்டே அரை மணித்தியாலத்தில் நமுத்துவிடும். ஆகவே கரைப்பானை உலர்த்தி, அதில் உப்பைக் கரைத்து, குப்பியை இறுக மூடி வைத்தேன். ஒரு திங்கட்கிழமை குண்டசாலை பஸ்ஸில் நனைந்து வந்து பார்த்தால், மூடி மேசையில் கிடக்கிறது. குப்பியின் வாயில் ஓட்டை போட்ட தாள்.

"யாரு தொறந்தது?"

"நான்தான்," என்றாள் பக்கத்து மேசையில் ஆய்வு செய்யும் அலவத்துகொடைக்காரி. "மூடி மூடி வெச்சி களிதானே வந்த. கொஞ்சம் காத்துப் படட்டும்."

எனக்கு வாய் நீளம். "ஒங்க வேலயப் பாருங்க, எம் பொழப்புல கை வைக்காதீங்க" என்று ஆய்வுகூடமே கேட்கக் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. அவள் ஊற்றும் பிளேன்ரீயை, அந்தப் பால் விடாத தேநீரைக்கூட, நான் குடிக்கவில்லை.

பத்து நாளில் அதே குப்பியில் கல்கண்டுத் துண்டுபோல ஒரு பளிங்கு. என் ஆய்வை மேற்பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, "உமக்கு நல்ல பொறுமை" என்றார். பொறுமையாம், எனக்கு. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாராட்டைப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

பளிங்கை எக்ஸ் கதிரில் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். படம் வந்தது. இரண்டு அயன்களுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு, இரு பக்கமும் ஐதரசன் பிணைப்பால் பிடித்தபடி இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த அடுக்கே நிற்காது.

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது?" என்று பேராசிரியை கேட்டார். "நீர் உலர்த்தித்தானே வச்சனீர்?"

கரைப்பான் சரியாக உலரவில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மூடியத் தொறந்தது நானில்ல மேடம், அவங்க. மழக் காத்துல தண்ணி எறங்கியிருக்கு. அதுக்குத்தான் நான் அவங்கள ஏசினேன்."

"ஓம். அப்ப அதை அப்பிடியே எழுதும். அவவின்ர பேரையும் போடும்."

இதையெல்லாம் கேட்டபடி அவள் பக்கத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஏசினதயும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் அவள் பெயர் இருக்கிறது. நான் ஏசியதற்கு அங்கே இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.