பெட்டி இல்லாமல் வந்த சம்பந்தி

டிசம்பர் பிறந்துவிட்டால் யேசுரத்தினத்தின் உடம்பு அவருக்குச் சொந்தமில்லை. நல்லான்விளைச் சபைக்குச் சொந்தம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ், பெண்கள் சங்கத்துக் கிறிஸ்துமஸ், வாலிபர் கிறிஸ்துமஸ், சேகரத்தில் சேர்ந்த சுற்றுவட்டாரச் சபைகளெல்லாம் கூடும் பாட்டு ஆராதனை, வீடு வீடாகப் போய்க் கேரல் பாட்டு, கடைசியில் இருபத்தைந்தாம் தேதி விடியற்கால ஆராதனை. இத்தனைக்கும் ஒரே ஆர்மோனியப் பெட்டி. அதை வாசிக்க ஒரே ஆள்.

அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்தான். மயிலாடியில் சிலை கொத்துகிறவர்களுக்குக் கல் ஏற்றும் வண்டியில் கூலிக்கு நின்றவர், இன்று இரண்டு வண்டிக்கும் நாலு மாட்டுக்கும் சொந்தக்காரர். பெட்டி வாசிக்க அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்று விட்டுப்போன பழைய பெட்டியை வாங்கி வந்து, மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து, மாடுகள் மிரள மிரள, தானாகவே கற்றுக்கொண்டார். போதகராக வந்த ஐயர்மார் எத்தனையோ பேர் மாறினார்கள். மகாராஜா ஆட்சி போய்த் திருக்கொச்சி ராஜ்யம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த ஆள் மட்டும் மாறவில்லை. பி.ஏ. படித்த பையன்கள்கூட அவர் விரலைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள். இதை அவரே நாலு பேரிடம் சொல்வார். உள்ளதைத்தானே சொல்கிறார்!

ஒன்று மட்டும் உண்டு. யேசுரத்தினம் வாய்திறந்து பாட மாட்டார். "வாசிக்கியவன் பாடப்பிடாது. பாடினா துருத்தி தடுமாறும்" என்பார். சபை அதை நம்பியது. உண்மை தெரிந்தவள் அவர் மனைவி பூங்கனி ஒருத்திதான். மை போடாத வண்டி அச்சுகூட அந்தக் குரலை விடக் கொஞ்சம் இனிமையாக இருக்கும்.

ஐம்பத்து நாலாம் வருஷத்து டிசம்பர் மற்ற டிசம்பர்களைப் போல இல்லை. மகள் ஜெபகுமாரியை அந்த மே மாதம்தான் வேம்படிவிளை ராஜமணி வாத்தியாரின் மகன் செல்வதாசுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். தலைக் கிறிஸ்துமஸ். பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் சும்மா வர மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் தாம்பாளத்தில் பழமும் பலகாரமும் புதுத்துணியும் வைத்து எடுத்துப் போய், சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து, பாடி ஜெபித்து, கை நனைத்து, அதன் பிறகு முறையாகக் கேட்டு அழைத்து வர வேண்டும்.

"என்னைக்குப் போவணும்?" என்று பூங்கனி டிசம்பர் முதல் தேதியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போவலாம் பிள்ளா. இண்ணைக்குப் பிராக்டிசு."

"நேத்தும் பிராக்டிசு."

"நாளைக்கும் பிராக்டிசுதான். நீ வந்து வாசிக்கியா?"

இருபதாம் தேதி திங்கள்கிழமை அந்திக்கு வேம்படிவிளைப் பக்கம் கேரல். நட்சத்திரக் கூடும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாகப் பதினாலு பேர். ராஜமணி வாத்தியாரின் முற்றத்திலும் பாடினார்கள். மகள் நடையில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யேசுரத்தினத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாலு மைல் வந்தாயிற்று, சம்பந்தியும் எதிரே நிற்கிறார், இதற்கென்று இன்னொரு நாள் எதற்கு? கழுத்தில் வாரோடு தொங்கிய பெட்டியை இறக்காமலே, வியர்வை வழிய, சொன்னார்: "அண்ணாச்சி, கிறிஸ்மசுக்குப் பிள்ளியள அனுப்பிருங்க. நாங்க எதிர்பாத்திருப்போம்."

ராஜமணி சிரித்தார். கேரல் காணிக்கைப் பெட்டியில் இரண்டு ரூபாய் போட்டார். கட்டன் காப்பி கொண்டுவரச் சொன்னார். அதற்குள் மேளக்காரன் சகாயம் அடுத்த வீட்டுக்கு அடிக்கத் தொடங்கிவிட்டான். இன்னும் பதினோரு வீடு. காப்பி வரும் முன்னே யேசுரத்தினம் படி இறங்கிவிட்டார். ஒரே நடையில் இரண்டு காரியம்! படித்தவனுக்கு இந்தப் புத்தி வருமா என்று வழியெல்லாம் அவருக்கே தன்மேல் பெருமை.

புதன்கிழமை காலையில் மாப்பிள்ளை செல்வதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினான். முகம் தரையைப் பார்த்தது.

"மாமா, அப்பா ஒரு காரியம் சொல்லிவிட்டாவ. நான் சொல்லல்ல, அப்பா சொன்னாவ."

"சொல்லும் மக்கா."

"கேரல் பாட வந்தவிய பாடிட்டுப் போயாச்சாம். பெண்ணக் கூப்பிட ஆளு இன்னும் வரல்லியாம். வரல்லைன்னா எங்களுக்குக் கிறிஸ்மஸ் வேம்படிவிளையிலயாம்."

"நான் வாய்விட்டுக் கூப்பிட்டேனே! முற்றத்துல நிண்ணு கூப்பிட்டேனே!"

"அதையும் சொன்னாவ. கேரல் பெட்டியில அப்பா ரெண்டு ரூவா போட்டாவளாம், நீங்க வாங்கிக்கிட்டியளாம். பெண்ணழைக்க வந்த சம்பந்தி காணிக்கை வாங்குவாரான்னு கேக்காவ."

அடுப்படியிலிருந்து பூங்கனி சட்டுவத்தோடு வெளியே வந்தாள். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தவள்.

"கூப்பிட்டியளா? பெட்டியக் கழுத்துல தூக்கிக்கிட்டா கூப்பிட்டிய? பெத்த நான் இஞ்ச அடுப்புல வெந்துக்கிட்டு கிடக்கேன், என்னைய விட்டுப்போட்டா?"

"பாட்டோட பாட்டா இதையும் முடிச்சிரலாம்னு…"

"மவளுக்க தலைக் கிறிஸ்மஸ் உங்களுக்குப் பாட்டா?"

மாப்பிள்ளை முன்னால் இதற்கு மேல் பேச முடியாது. செல்வதாஸ் சைக்கிளைத் திருப்பும்போது மெதுவாகச் சொன்னான்: "அவ நேத்து முழுக்கச் சாப்பிடல்ல மாமா. அவளுக்க துணிப்பெட்டியெல்லாம் கட்டி வச்சாச்சு."

அந்த ஒரு பேச்சு யேசுரத்தினத்தின் நெஞ்சில் கல்லாக ஏறி உட்கார்ந்தது. கல் ஏற்றி இறக்கின அவராலேயே அதை இறக்க முடியவில்லை.

உடனே போயிருக்கலாம். ஆனால் அன்று பகலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ். மேய்ப்பர் வேஷம் போட்ட பயல்கள் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, அது பீடத்துப் பூவைத் தின்று, எல்லாம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. சரி, வியாழன் காலையில் போவோம் என்று எண்ணிப் பெட்டியைத் திறந்தால் துருத்தியில் கையளவு ஓட்டை. கேரல் வீடுகளில் கொடுத்த அச்சுமுறுக்கைச் சகாயம் பத்திரமாகப் பெட்டியின் பின்பக்கம் ஒளித்துவைத்திருக்கிறான். எலி முறுக்கையும் தின்று துருத்தியையும் தின்றிருக்கிறது.

"லே சகாயம், இது பெட்டியா, உனக்க பலகாரக் கொட்டாரமா?"

"மழை நனையாம இருக்கட்டும்னு வச்சேன் அண்ணாச்சி."

"மழையா? எங்கலே மழை?"

"பெய்தா?"

அவனை அடிக்கக்கூட நேரமில்லை. பஸ் பிடித்து நாகர்கோவிலுக்கு ஓடினார். பெட்டி பழுது பார்க்கிறவனிடம் பகலெல்லாம் காவல் கிடந்து, தோல் ஒட்டி வாங்கி, அந்திக்கு நேராகச் சேகரத்துப் பாட்டு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தார். ஐயர் வந்து தோளில் தட்டி, "நாளைக்கு நாலு மணிக்குக் கடைசிப் பயிற்சி, மறக்க வேண்டாம்" என்றார். ஒருவராவது, உன் மகள் வந்தாளா என்று கேட்கவில்லை.

வெள்ளி, இருபத்து நாலு. பதினொரு மணிக்கு வண்டியைப் பூட்டினார். பூங்கனி தாம்பாளத்தை மடியில் வைத்து ஏறினாள். மட்டிப்பழக் குலை, முந்திரிக்கொத்து, அதிரசம், மாப்பிள்ளைக்கு வேட்டி, மகளுக்குச் சேலை. பாதி வழியில், மேடு ஏறும்போது, வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, நீளமான சத்தம்.

பூங்கனி வைக்கோலை விலக்கினாள். பெட்டி.

"எதுக்கு இது?"

"பின்ன? சகாயத்துக்கிட்ட விட்டுட்டு வரச் சொல்லுகியா? இண்ணைக்கு அதுல அதிரசம் வைப்பான்."

"இதக் கொண்டு அந்த முற்றத்துல இறங்கினா சம்பந்தி இன்னும் ரெண்டு ரூவா போடுவாவ. வாங்கிக்கிடுங்க!"

"வண்டியிலயே கிடக்கட்டுமே, யாரு பாக்கப் போறா?"

"நான் இறங்கி நடந்து திரும்பிப் போறேன். நீங்களும் பெட்டியுமாப் போயி மவளக் கூப்பிடுங்க."

அவள் ஒரு காலைக் கீழே நீட்டியும்விட்டாள். வேறு வழியில்லை. வயலோரத்தில் தாணுமாலயன் நின்றார். யேசுரத்தினத்தின் வண்டியில் உரம் ஏற்றிப் பழக்கப்பட்ட நெல்வயல்காரர். அவருடைய காவல் குடிசையில் பெட்டியை இறக்கினார்.

"என்னவே, பாட்டுக்காரன் பெட்டிய விட்டுட்டுப் போறீரு? வீட்டம்மைய இறக்கி விட்டிருந்தாலும் நம்பியிருப்பேன்."

"தாணு, வாசிக்கிய கட்டை ஒண்ணுலயும் கை வைக்கப்பிடாது. பக்கத்துல இருந்து ஒண்ணும் திங்கப்பிடாது. கேட்டீரா?"

"மூச்சு விடலாமா ஓய்?"

ஒரு மணிக்கு வேம்படிவிளை. ராஜமணி வாத்தியார் வெள்ளை ஜிப்பா போட்டு வாசலிலேயே நின்றார். பெஞ்சு போட்டு, பாய் விரித்து, எல்லாம் நடந்தது. ஜெபகுமாரி கதவுக்குப் பின்னால் அம்மாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. பூங்கனி தாம்பாளத்தை நீட்ட, யேசுரத்தினம் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணின பேச்சைச் சொல்லி முடித்தார். மூன்று மணிக்குள் வண்டி திரும்பினால் நாலரைக்காவது பயிற்சிக்குப் போய்விடலாம்.

ராஜமணி தொண்டையைச் செருமினார். "சந்தோஷம். அப்போ ஒரு பாட்டுப் பாடி ஜெபிப்போம். அழைக்க வந்தவியதானே பாட்டு எடுக்கணும்? பெட்டிய இறக்கச் சொல்லுங்க."

"பெட்டி… கொண்டு வரல்ல."

"கொண்டு வரல்லியா?" வாத்தியார் எழுந்தே விட்டார். "காலையிலயே அண்டை வீட்டுக்காரங்களக் கூப்பிட்டு வச்சிருக்கேனே! எங்க சம்பந்தி பெட்டி வாசிச்சா இந்தத் தாலுகாவே கேக்கும்னு சொல்லி வச்சிருக்கேனே!"

உள்ளறையிலிருந்து ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. யேசுரத்தினம் பூங்கனியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வைக்கோல், மேடு, காவல் குடிசை எல்லாம் இருந்தன. பூங்கனி முகட்டு ஓடுகளை எண்ணத் தொடங்கினாள்.

"திரும்பப் போயி எடுத்துட்டு வாறேன்."

"அந்தி ஆயிராதா? பெட்டி இல்லேன்னா என்ன, வாயி இருக்கே. எடுங்க சம்பந்தி."

"வாசிக்கியவன் பாடப்பிடாது…"

"இஞ்ச யாரும் வாசிக்கல்லியே."

யேசுரத்தினம் கதவுப் பக்கம் பார்த்தார். மகள் அங்கே கட்டின துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நாலு நாளாகக் கட்டிக் கிடக்கும் பெட்டி. கண் மட்டும் கெஞ்சியது. அவர் எழுந்தார். விரல்கள் தானாகவே வயிற்றுக்கு முன்னால் காற்றில் கட்டையைத் தேடின. வாயைத் திறந்தார்.

சுருதி எங்கே பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. கிறிஸ்து பிறப்புக் கீர்த்தனையைப் பல்லவியிலேயே தென்னை உயரத்துக்கு எடுத்துவிட்டார். அனுபல்லவியில் அண்டை வீட்டுக் குழந்தை ஒன்று அழுதது. சரணத்தில் ஏற வேண்டிய இடம் வந்தது, ஏறினார், தொண்டை பாதியில் அறுந்து நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இந்தப் பாட்டு முடியாவிட்டால் ஜெபம் இல்லை, ஜெபம் இல்லாவிட்டால் அழைப்பு இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மிச்சக் குரலால் இழுத்தார். அப்போது கதவுப் பக்கத்திலிருந்து ஜெபகுமாரி கீழ்ச் சுருதியில் சேர்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக ஒரு குரல். செல்வதாஸ் சேர்ந்தான். பிறகு அண்டை வீடுகளும் சேர்ந்தன. பாட்டு எப்படியோ தரை இறங்கியது.

ஜெபம் முடிந்து ராஜமணி கண்ணைத் திறந்தபோது கண்ணோரம் நனைந்திருந்தது. சிரிப்பை அடக்கின நீரா, வேறா என்று சொல்ல முடியாது.

"சம்பந்தி," என்றார், "அண்ணைக்கு வந்தது பெட்டி. இண்ணைக்குத்தான் நீங்க வந்திய. பிள்ளியளக் கூட்டிட்டுப் போங்க." அப்புறம் தாங்க முடியாமல் சேர்த்துக்கொண்டார்: "காணிக்கை மட்டும் தரமாட்டேன், அந்தப் பாட்டுக்கு."

சாப்பிட்டு ஏறும்போது மணி மூன்றரை. வழியில் தாணுமாலயன் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "கட்டையில கை வைக்கல்லவே, தலைதான் வச்சேன்" என்றார். அவரோடு சண்டை போட ஐந்து நிமிஷம் போனது.

வண்டியில் செல்வதாஸ் மெல்ல ஆரம்பித்தான். "மாமா, நாளைக்கு ஆராதனையிலயும் நீங்க ஒரு பாட்டு…"

"அந்த வீட்டு முகடு ரொம்பத் தாழ்வு," என்றார் யேசுரத்தினம். "சத்தம் மேல போயி முட்டிச்சு. இல்லேன்னா நான் எடுத்த சுருதி சரியான சுருதி. கேக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

பூங்கனி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜெபகுமாரி ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் மேல் சாய்ந்தாள்.

கோயில் வாசலில் வண்டி நின்றபோது ஐந்து. பாடகர் கூட்டம் முழுவதும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உலாத்தினார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்கே போனீர்கள், எந்தச் சுருதி, மூன்றாம் பாட்டு உண்டா இல்லையா, தோரணக் கயிறு யாரிடம், சகாயத்தின் மேளத்தை யார் எடுத்தது? யேசுரத்தினம் மகள் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் பாயில் வைத்தார், துருத்தியைத் தட்டிப் பார்த்தார், கழுத்து நரம்பு இன்னும் வலித்தது.

"வாய மூடிட்டுப் பாடுங்கலே!" என்று கத்தினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் வந்த சிரிப்பு ஜெபகுமாரியுடையது.