பூனை, எலி, வெள்ளை ஹெல்மெட்

கார்ட்டூன் பூனையைப் பார்த்து வயிறெரிந்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பூனையோடு நின்றதா, எலியைப் பார்த்தும் எரிந்தது. அந்த இரண்டும் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து என் வீட்டில் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் இருப்பதே மூன்று பேர். மூன்றாவது ஆள் நான்.

கவரைப்பேட்டையில் வாடகை வீடு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில்தான் வேலை. ஆனால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நேரம். அவர் கம்பி உருட்டும் மில்லில் நைட் ஷிப்ட். நான் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பகல் வேலை. காலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டிருப்பேன். மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு அவர் படுப்பார். மத்தியானம் யூகேஜி முடிந்து அவள் வந்து எழுப்புவாள். அதிலிருந்து சாயந்திரம் ரயிலைப் பிடித்து நான் வந்து சேரும்வரை அப்பனும் மகளும் வைத்ததுதான் சட்டம்.

மில்லில் பக்கத்தில் நிற்கிறவன் காதில் கத்தினாலும் கேட்காதாம். அதனால் அங்கே பேச்சே கைஜாடைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுற்றினால் ஓட்டு. உள்ளங்கையை மேலே காட்டினால் கிரேனைத் தூக்கு. ராத்திரி முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ஒரு சத்தமும் ஆகாது. டிவியை ஊமையாக்கிவிடுவார். ஊமை டிவியில் நியூஸ் பார்க்க முடியாது, சீரியல் பார்க்க முடியாது. பூனையையும் எலியையும் பார்க்கலாம். அதுங்கதான் வாயே திறப்பதில்லையே.

அதற்கு ஈடாக இவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள், கையால். எலி வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்தால் மகள் உள்ளங்கையைக் காட்டுவாள். பூனை வேகமாக வரும்போது அவர் முஷ்டியைத் தூக்குவார். அது நிற்காமல் வந்து வாணலியில் மோதி, மூஞ்சி தட்டையாகும். இரண்டு பேரும் பாயில் புரளுவார்கள். என்னிடம் "குழம்பு ஊத்து", "சார்ஜர் எங்க" என்பதற்கு மேல் வாயைத் திறக்காத மனுஷன், ஐந்து வயசுப் பெண்ணிடம் பத்து விரலாலும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். அவர் மேல் பொறாமை, அவள் மேல் பொறாமை, போதாததற்கு அந்தப் பூனை மேலும்.

அதிலும் ஒரு ஜாடைதான் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் வாசலில் வந்து நின்றதும் மகள் தன் தலையில் இரண்டு தட்டு தட்டுவாள். உடனே டிவி அணையும். அவள் நோட்டை விரிப்பாள். அவர் எழுந்துபோய் மோட்டார் போடுவார். பூஜை வேளையில் புகுந்த கரடியாக நான் சாப்பாட்டுப் பையோடு நிற்பேன்.

"இன்னாடி அது, தலையில தட்டிக்கினு?" என்று கேட்டேன்.

"பேன் கடிக்குதும்மா" என்றாள்.

நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் கவிழ்த்துப் போட்டு, பேன் சீப்பால் வாரித் தள்ளினேன். ஒரு ஈர்கூட இல்லை. அவர் கதவோரமாக நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஏதோ பழைய ஞாபகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். பூனை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வழுக்கி இறங்கியது. "ஐயோ, பாவம்" என்றேன். இரண்டு தலையும் என் பக்கம் திரும்பியது. அடுத்த அடிக்குச் சிரித்துவிட வேண்டும் என்று காத்திருந்து சிரித்தேன். மகள் சொன்னாள்: "அம்மா, நீ சிரிக்கசொல்லோ அது முடிஞ்சி போய்டுது." எழுந்துபோய் துணி துவைத்தேன். துணிக்குத்தான் அன்று நல்ல அடி.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், அவரும் அதே மில். அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட். சாயந்திரம் பிளாட்பாரத்தில் பார்த்தபோது கேட்டுவிட்டேன்.

"அண்ணா, மில்லுல தலையில ரெண்டு தட்டு தட்டுனா இன்னாண்ணா அர்த்தம்?"

"வெள்ள ஹெல்மெட்டு வருதுன்னு அர்த்தம்மா. சூப்பர்வைசரு. அத்தப் பாத்தா போதும், சிரிச்சிக்கினு இருந்தவன்லாம் வேல செய்ற மாரி நிப்பான்" என்றார். "யாரு, ஊட்டுக்காரரு சொன்னாரா?"

"ஆமாண்ணா" என்றேன்.

ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். நான் வெள்ளை ஹெல்மெட்டாம். பகலெல்லாம் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குகிறவள் நான். அந்த அம்மா வருவது தெரிந்தால் எங்கள் வரிசையில் ஒருத்தி இருமுவாள். இருமியதும் எங்கள் முகமெல்லாம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைத்தான் தினமும் என் வீட்டு வாசலில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிவியைத் தூக்கித் தெருவில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை; தவணை பாக்கி இருந்தது. ரசத்தில் உப்பே போடாமல் இறக்கினேன். இரண்டு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். வெள்ளை ஹெல்மெட்டிடம் யார் உப்பு கேட்பார்கள்?

அப்புறம் ஒரு நாள் கம்பெனியில் டிரான்ஸ்பார்மர் பழுதாகி மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் வந்தபோது அவர் உள்ளே திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அப்போதுதான் வேனில் வந்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் ஊமை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை தலைக்குப் போனது. ஜாடையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கை பாதியில் நின்றது. பிறகு ரிமோட்டைத் தேடினாள்.

நான் விரலைச் சுற்றிக் காட்டினேன், ஓட்டு என்று. அவள் என் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். தரையில் தண்ணீர் தள்ளுகிற வைப்பர், ரப்பர் மேலே பார்க்கக் கிடந்ததை யார் கண்டார்கள். சரியாக அதன்மேல் காலை வைத்தேன். கம்பு எழுந்து வந்து நெற்றியில் ஒன்று கொடுத்தது, பொறி கலங்கிவிட்டது. தட்டு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம், நடுவில் நான்.

மகள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாயில் உருண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். டிவியில் பூனை என்னவோ செய்துகொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

"இன்னொரு தபாம்மா" என்றாள்.

வைப்பரை ஒழுங்காகத் திருப்பி வைத்தேன். நாலடி பின்னால் போய், பூனை மாதிரி நுனிக்காலில் வந்து மிதித்தேன். இந்தத் தடவை மூக்கில். நிஜமாகவே வலித்தது. அவள் முஷ்டியைத் தூக்கி நிறுத்து, நிறுத்து என்று காட்டிக்கொண்டே சிரித்தாள். நான் நிறுத்தவில்லை.

திரை விலகியது. லுங்கியைக் கட்டிக்கொண்டே அவர் வந்து நின்றார். "இன்னா சத்தம்? மனுசன் தூங்க வாணாமா?"

மகள் அவர் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்து, தலையில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள்.

நான் வைப்பரை எடுத்துத் தரையைத் தள்ள ஆரம்பித்தேன். அவள் டிவியை அணைத்துவிட்டு நோட்டை விரித்தாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஜாடையைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் கேட்டார்.

"இன்னாடி அது, தலையில?"

"பேன் கடிக்குது நைனா" என்றாள் மகள்.