என் காட்டில் நிற்காத மின்கோபுரம்

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை.

முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால் சொல்லாமலே இருந்துவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

காய்ச்சல் இல்லை. தலைவலிகூட இல்லை. அன்று காலை விறகடுப்பின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, நெற்றி காந்தும்வரை அனலில் காட்டினேன். பழனியப்பண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டேன். நாற்பத்து நான்கு வயது மனிதன்! பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைகூட இதைவிடக் கூச்சத்தோடு செய்யும்.

அவர் உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டார்.

"அட சாமி, இப்படிக் கொதிக்குதே" என்றார்.

சலவை வேட்டி கட்டியிருந்தார். நாமக்கல்லுக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு, என்னை அழைத்துப்போக வந்திருந்தார். அங்கே நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல்: சம்மதம். அந்தச் சொல்லை நம்பித்தான் அவருடைய தென்னந்தோப்பு நின்றுகொண்டிருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது... முகம் தெரிந்தவர்களிடம் எனக்கு வார்த்தை எழும்பாது. பத்தாவது வரை படித்தேன். விடை தெரிந்தாலும் எழுந்து சொன்னதில்லை. இராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ மில்லில் வேலை. மரவள்ளி மாவு ஜவ்வரிசியாக உருண்டு வருவதைப் பார்த்துக்கொள்ளப் பேச்சு தேவையில்லை. வேலை முடிந்தால் மானாவாரி நிலமான என் மேட்டுக்காடு, என் ஓட்டு வீடு. அம்மா போன பிறகு அந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது அபூர்வம்.

எங்கள் பக்கத்தில் என்னைப் போலக் கல்யாணமாகாத ஆண்கள் நிறைய இருக்கிறார்கள். காட்டை நம்பி இருப்பவனுக்குப் பெண் கிடைப்பதில்லை. நானும் ஆசையை விட்டுவிட்டதாக வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளே விடவில்லை... பேருந்தில் எதிர் இருக்கையில் ஒரு பெண் தன் புருஷனின் தோளில் சாய்ந்து தூங்கினால், நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விடும். அப்படி ஒரு ஏக்கம்.

என் காட்டுக்கு அடுத்த காடு பழனியப்பண்ணனுடையது. சொந்தம் இல்லை. ஆனால் அம்மாவைத் தூக்கியபோது ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். தோப்புக்கு நடுவே வீடு. அதன் பக்கத்தில், மகன் குடும்பத்துக்காக அஸ்திவாரம் போட்டுப் பேஸ்மட்டம் வரை எழுப்பி நிறுத்தியிருந்த புது வீடு.

புதிய உயர்மின் கோபுர வழிக்கு வரைபடம் வந்தது. கோடு நேராக அந்தத் தோப்பின் மேல் போனது. கம்பிக்கு அடியில் உயர்ந்த மரமும் கூடாது, புதுக் கட்டடமும் கூடாது. என் நிலத்தைத் தொடவில்லை.

அண்ணன் அலையாத அலுவலகம் இல்லை. கடைசியில் அளக்க வந்த அதிகாரி ஒருவர் ஒரு வழி சொன்னார். தோப்புக்கு முன்பே கோட்டைத் திருப்பி, ஓடைப் புறம்போக்கு வழியாகக் கொண்டுபோகலாம். ஆனால் கோடு திரும்பும் இடத்தில் ஒரு கோபுரம் நின்றாகவேண்டும். அந்த இடம் என் மேட்டுக்காட்டின் மூலை. சுண்ணாம்புக் கல்லும் வேலிக்காத்தானும் தவிர அங்கே எதுவும் வராது. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விசாரணை நாளில் நிலத்துக்காரர் நேரில் வந்து சம்மதம் சொன்னால், ஒப்புதல் ஆணை போடும்போதே வழியை மாற்றிவிடலாம் என்றார்.

என்னிடம் கேட்க அண்ணனுக்குத் தயக்கம். நானாகத்தான் சொன்னேன், "போட்டுக்கட்டுமுங்கண்ணா" என்று. மனதாரச் சொன்னேன். இதை நீங்கள் நம்பவேண்டும்... அந்த நிமிடத்தில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் சுமதியின் வீட்டார் வந்தார்கள்.

தரகர் கொண்டுவந்த இடம். தம்மம்பட்டி. முதல் கல்யாணம் முறிந்து, சொந்தமாகத் தையல் கடை வைத்துப் பிழைக்கிறவள். எங்களில் பெண் வீட்டார் வந்து வீடும் காடும் பார்ப்பார்கள்; பெண் வரும் வழக்கம் இல்லை. இவள் வந்தாள். வாழப்போகிற இடத்தை நான் பார்க்கவேண்டாமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டு வந்தாளாம். சமையலறையில் எட்டிப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு தட்டுதானா?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான்... ஒரு மனிதன் விழுவதற்கு அது போதுமென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது!

டவர் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது, கம்பி போகிற காட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று தரகர் முன்பே என்னை எச்சரித்திருந்தார். காட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அவள் மாமாவே கேட்டார். "வர்ற வழியெல்லாம் டவரா நிக்குது. உங்க நெலத்துல ஏதாச்சும் வருதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

பொய்யா அது? வரைபடத்தில் என் நிலம் இல்லைதானே? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பழனியப்பண்ணன் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கை உயர்த்திச் சிரித்தார்.

பிறகு சுமதி தொலைபேசியில் பேச ஆரம்பித்தாள். மில்லிலிருந்து வந்து கைகால் கழுவும் நேரத்துக்கு அழைப்பு வரும். முதல் கேள்வி, "சாப்டாச்சா?" அம்மாவுக்குப் பிறகு அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் தைத்துக்கொண்டே பேசுவாள். பேச்சு நின்றால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதுவே பேச்சு மாதிரி இருக்கும். இராசிபுரம் சந்தையில் இன்னொரு தட்டும், சுவரில் மாட்ட ஒரு நிலைக்கண்ணாடியும் வாங்கினேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "மொதல்ல கட்டினவரு நெறைய மறைச்சாரு. நீங்க எதையும் மறைக்காம இருந்தாப் போதும்."

சரிங்க என்றேன்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரத்தில் வந்து விழுந்தது ஆட்சியர் அலுவலக விசாரணை! உள்ளூர் தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள் என்றார்கள். நான் எழுந்து நின்று, என் நிலத்தில் கோபுரம் நடச் சம்மதம் என்று சொல்லவேண்டும். அதை அவள் மாமா பார்த்தால்? தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பழையபடி ஒற்றை ஆளாகப் படுத்துக்கொள்ளவேண்டியதுதானா?

சுமதியிடம் சொல்லியிருக்கலாம். ஒரு மூலைதான், ஒன்றும் விளையாத மூலை, பக்கத்துக் காட்டு அண்ணனுக்காக என்று சொல்லியிருந்தால்... அவள் வேண்டாமென்றா சொல்லியிருப்பாள்? இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. கைக்கு வந்தது நழுவிவிடுமோ என்ற பயம்.

அடுப்பின் முன் உட்கார்ந்தேன்.

அண்ணன் தனியாகப் போனார். அவர் வண்டி வாசல் தாண்டியதுமே தொலைபேசியை அணைத்து வைத்தேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்... படுத்துக்கொண்டதோடு நான் நிறுத்தவில்லை.

சாயங்காலம் வந்தார். கையில் சீவிய இளநீர், அவர் தோப்பு இளநீர். காய்ச்சலுக்கு நல்லது என்று நீட்டினார். விசாரணை அன்றோடு முடிந்ததாக எழுதிவிட்டார்களாம். ஆள் சுகமில்லை, இன்னொரு நாள் கூட்டிவருகிறேன் என்று கெஞ்சியும் நடக்கவில்லையாம்.

"விசாரணை பண்ணுன ஆபீசரம்மா முன்னாடி வெச்சே உனக்குப் போன் அடிச்சேன், சாமி. சுவிச் ஆஃப்னு வந்துச்சு. காச்சல்ல கெடக்கறவன் சார்ஜ் போட்டா வெச்சிருப்பே? நீ ஒண்ணும் வெசனப்படாத."

இளநீரை முழுவதும் குடித்தேன்.

நிச்சயம் நடந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேசினார்கள். கோடு போட்டபடியே லைன் போகலாம் என்று ஒப்புதல் ஆணையும் வந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள்.

தென்னை விழும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அறுக்கும் மெஷின் நின்றதும் ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. பிறகு தரையே அடிவாங்கும். நான் மில்லுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அண்ணன் சம்சாரம் சரசக்கா அழவில்லை. விழுந்த மரங்களின் குருத்தை வெட்டி, வேலை செய்தவர்களுக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புது வீட்டை இனி எழுப்பமுடியாது. அந்தப் பேஸ்மட்டத்தின் மேலேதான் அண்ணன் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் சுமதி அழைத்தாள். சாப்டாச்சா என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பு, போர்வை, அணைத்து வைத்த தொலைபேசி, எல்லாம். அவள் ஒருத்தியிடமாவது சொன்னால் நெஞ்சு இளகும் என்று நினைத்தேன். கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னேன்: உங்களுக்காகத்தான்.

மெஷின் சத்தம் நின்றது.

"எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் கேக்கல." பிறகு கேட்டாள். "அந்த அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"போய் அவர்கிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. நான் எடுப்பேன்."

அவள் கோபப்படவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துதான் வைத்தாள்! நான் போகவேண்டிய தூரம் ஒரு வேலியைத் தாண்டும் தூரம்.

போனேன். அண்ணன் முன்னால் போய் நின்றேன். "என்ன சாமி?" என்றார். மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னொரு நாள் போனேன். சரசக்கா சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

தினமும் சாயங்காலம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஒலிக்கவில்லை. ஒலிக்கவேண்டியது அவள் பக்கத்தில் அல்லவா... அவள் காத்திருந்தாள். மார்கழி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மாமா தரகரை அழைத்து, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவரிடம் அவள் என்ன காரணம் சொன்னாளோ, என்னைக் குறை சொல்லி ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வரவில்லை. என் மானத்தைத் தையல் கடையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

செய்தி தெரிந்ததும் பழனியப்பண்ணன் வந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கமுடியவில்லை, அவரால்!

"என் காட்டு லைன் உன் கலியாணத்தையும் கெடுத்துருச்சு, சாமி. பக்கத்துலயே கம்பி போவுதுன்னு பயந்துட்டாங்களாட்ட இருக்குது. என்னை மன்னிச்சுக்கோ."

வாய் திறக்க இதைவிட வேறு நேரம் எனக்கு எப்போது வரும்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். துக்கமும்தான்...

இப்போது கம்பி இழுத்துவிட்டார்கள். மழைத் தூறலில் அது இரைகிறது. எனக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது. பழகாதது வேறு. இராசிபுரம் கடைவீதியில் ஏதாவதொரு தையல் கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிடுகிறது. உள்ளே யாரோ. யாருடைய மெஷினோ. ஆனாலும் நிற்கிறேன்.

போன வாரம் அண்ணன் திடீரென்று, "நானே தம்மம்பட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்றார். வேண்டாமுங்கண்ணா என்றேன். கேட்கவில்லை. அதே சலவை வேட்டியோடு பேருந்து ஏறிப் போய்விட்டார். அன்று முழுவதும் எனக்கு மில்லில் வேலை ஓடவில்லை. அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றும் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் சொல்லிவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்! என் வாய் செய்யாததை அவள் வாய் செய்யட்டும் என்று...

இருட்டும் முன் திரும்பி வந்தார். கடையில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தாளாம். இந்தப் பையனுக்குச் சூதுவாது தெரியாது, பொய் பேசத் தெரியாது, நான் பொறுப்பு என்று அவளிடம் பேசினாராம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"நல்ல பொண்ணு, சாமி. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'உங்ககிட்ட அவரு ஏதாவது சொன்னாரா'ன்னு. எனக்கொண்ணும் வெளங்கல." என் முகத்தைப் பார்த்தார். "எங்கிட்ட நீ என்ன சொல்லோணும்?"

அவர் கேட்டுவிட்டார். அவரே கேட்டுவிட்டார். வேட்டியில் பேருந்துப் புழுதி படிந்திருந்தது. பதிலுக்காக நின்றார்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைத்தால் எடுப்பாள். எடுத்தால் கேட்பாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொன்னது உங்களிடம் இல்லை.