பரங்கிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தது

எனக்கு ஏழு வயது நடந்தபோது ஒரு போர்ச்சுகீசிய நகரத்தை வழிகாட்டியோடு நடந்தே சுற்றிப் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் எங்களை ஏதோ வசதியான குடும்பம் என்று நினைத்துவிடுகிறார்கள். நகரம் என்று சொன்னது அந்த வழிகாட்டி மட்டும்தான். எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கடலோரத்தில் இடிந்து கிடந்த ஒரு கோட்டையும் நாலைந்து குட்டிச்சுவர்களும். அந்த வழிகாட்டியும் உண்மையில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் வேன் டிரைவர். போன எங்களில் ஒருவருக்கும் கோட்டையைப் பார்க்கும் ஆசை இருக்கவில்லை.

அப்பா ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். குடும்ப விசா எடுக்க அவர் சம்பளம் எட்டவில்லை. அதனால் அம்மாவும் நானும் விசிட் விசாவில் அவரோடு இருந்தோம். அது முடியும் ஒவ்வொரு தடவையும் நாட்டை விட்டு வெளியே போய், புது விசா வந்ததும் திரும்பி வர வேண்டும். எக்ஸிட் அடிப்பது என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்குப் போய்வரக் கட்டுப்படியாகாது என்பதால் எங்களைப் போன்றவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஈரானின் தீவுகளுக்குப் போவார்கள். விமானம் ஏறி, கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். தீவில் விசா இல்லாமலே சில நாள் தங்கலாம். அதற்குள் புது விசா ஹோட்டலுக்கு ஃபேக்ஸில் வந்துவிடும், அடுத்த விமானத்தில் திரும்பிவிடலாம்.

விசிட் விசாவில் இருக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். கட்டிலில் உட்கார வைத்து அம்மாதான் எனக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தாள். எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்தது. ராத்திரி அப்பா வேலை முடிந்து வரும்போது படியில் கேட்கும் சத்தத்தை வைத்தே அவர்தான் என்று கண்டுபிடித்துவிடுவேன். அந்த அறையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததாக நினைவில்லை. பள்ளிக்கூடம் இல்லாததை என் அதிர்ஷ்டம் என்றே எண்ணியிருந்தேன்.

அதற்கு முன் இரண்டு தடவை போனபோதும் விசா சட்டென்று வந்துவிட்டது. மூன்றாவது தடவை கெஷ்ம் தீவுக்குப் போனோம். அங்கே போனதும் பெண்களுக்குக் கறுப்பில் ஒரு நீள அங்கி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது, அது தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஹோட்டலில் தினமும் காலையிலும் மாலையிலும் வரவேற்பு மேசைக்காரர் ஃபேக்ஸ் தாள்களோடு வெளியே வந்து பெயர்களை வாசிப்பார். தன் பெயரைக் கேட்டவர்கள் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்குவார்கள். மற்றவர்கள் மெல்ல அறைக்குத் திரும்புவார்கள். நாங்கள் திரும்பிக்கொண்டே இருந்தோம். அம்மா கார்டு போட்டு அப்பாவுக்கு போன் பண்ணுவாள். நாளைக்கு வந்துவிடும் என்று அப்பா சொல்வார். மறுநாளும் அதையே சொல்வார்.

அங்கே எங்களுக்குத் தமிழ் பேசக் கிடைத்தவர் கீழக்கரைக்காரர் ஒருவர். ஒரு துணிக்கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வேலை மாறியிருந்தார், அவரும் புது விசாவுக்காகக் காத்திருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். இந்தத் தீவில் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் தன்னையே ஹோட்டல் மேனேஜர் ஆக்கிவிடுவார்கள் என்று கேலி பேசுவார். பேசி முடித்ததும் முகம் தொங்கிவிடும்.

தீவில் தங்குவதற்கு அனுமதித்திருந்த நாளும் முடிந்தது. மாடிப்படியில் என்னோடு விளையாடிய ஒரு மலையாளிப் பையன் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினான். நாள் கடந்தவர்களைப் போலீஸ் பிடிக்கும், ஓர் அறையில் போட்டுப் பூட்டும், பிறகு நேரே இந்தியாவுக்கு அனுப்பிவிடும், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தும், அது இருந்தால் மறுபடி கல்ஃபுக்கு வரவே முடியாது. அவன் சொன்னதில் எது நிஜம் எது புளுகு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன். பிடிபட்டால் அப்பாவை இனிப் பார்க்க முடியாது என்பது எனக்குத் திட்டமாகப் புரிந்துவிட்டது. ஹோட்டல் வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஓடிப்போய் அம்மாவின் அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

ஒருநாள் காலையில் வரவேற்பு மேசைக்காரர் சாப்பாட்டு அறைக்கு வந்து சிலரிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினார். அன்றைக்கு ஹோட்டல்களில் சோதனை இருக்குமாம், நாள் கடந்தவர்கள் அறையில் இருக்கக் கூடாதாம். அதனால் அவர்களுக்காகப் போர்ச்சுகீசிய நகரச் சுற்றுலா ஒன்று ஏற்பாடாகியிருந்தது. வேன் டிரைவர் அதற்கென்றே கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் முன்பு துபாயில் சரக்குப் படகில் வேலை பார்த்தவர், இந்தி நன்றாகப் பேசுவார். நாங்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கலாம், வேனில் நெருக்கியடித்து ஏறினோம். பாஸ்போர்ட் இருந்த பையை அம்மா அங்கிக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என் தலைத்துணியை இறுக்கிக் கட்டியபடி சொன்னாள்.

“யாராவது பாத்தா சிரிச்ச மொகமா இருக்கணும். டூர் வந்தவங்க அப்படித்தான் இருப்பாங்க. அழுதே, அவ்வளவுதான்.”

கோட்டைச் சுவர் செம்மண் நிறத்தில் இருந்தது. உச்சி வெயில். நிழலுக்கு ஒதுங்கவும் பயந்து கூட்டமாக நடந்தோம். வழிகாட்டி கையை நீட்டி நீட்டி இந்தியில் கதை சொன்னார், அதை மாமா எங்களுக்குத் தமிழில் சொன்னார். இங்கே பீரங்கி இருந்தது, அங்கே கப்பல் நின்றது, இந்த வாசல் வழியாகத்தான் பரங்கிகள் குதிரையில் வருவார்கள் என்று வந்துகொண்டே இருந்தது. இவர்கள் முத்துக்காக எங்கள் கடற்கரைக்கும் வந்தவர்கள்தான், அப்போது யார் இவர்களுக்கு விசா கொடுத்தது என்று மாமா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். பாதையில் ஆடு மேய்த்துக்கொண்டு ஒருவர் போனார், அவர் பார்க்கக்கூடும் என்று சிரித்தேன்.

ஷார்ஜாவில் தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்தின் டிவியிலிருந்து எனக்கும் கொஞ்சம் இந்தி தெரியும் என்பது மாமாவுக்குத் தெரியாது. பரங்கிகளைப் பகைவர்கள் வளைத்துக்கொண்டார்கள், உதவிக்கு வரவேண்டிய கப்பல் வரவேயில்லை, பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு எல்லோரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று மாமா தமிழில் சொன்னார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரியவர்கள் பொய் சொல்லுமளவுக்கு நிலைமை மோசம் என்று எனக்குத் தெரிந்துபோனது. வராமல் போன அந்தக் கப்பலைத் தேடுவது போலக் கடலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பார்ப்பதற்கு இருந்ததெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஆனால் ஹோட்டலுக்குத் திரும்பக் கூடாதே. மறுபடி முதலிலிருந்து சுற்றினோம். இரண்டாவது சுற்றில் பீரங்கிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. மூன்றாவது சுற்றில் பாதியில் இருந்தபோது கடற்கரைப் பாதையில் ஒரு போலீஸ் ஜீப் வந்து கோட்டை வாசலில் நின்றது.

வழிகாட்டியின் குரல் மாறவில்லை. கதை சொல்வது போலவே, எல்லோரும் கீழே இறங்குங்கள், சத்தம் வரக் கூடாது என்று இந்தியில் சொன்னார். இப்போது பரங்கிகள் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்த தொட்டியைப் பார்க்கப் போகிறோம் என்று மாமா தமிழில் சொன்னார்.

“தங்கச்சி, புள்ளய நடுவுல விடுங்க.”

படிகள் பூமிக்குள் இறங்கின. உள்ளே தண்ணீர் இல்லை. இருட்டும் புழுக்கமும் வௌவால் நாற்றமும்தான் இருந்தன. மேலே ஒரு துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. காய்ச்சலில் செத்த பரங்கிகள் இந்தச் சுவர் ஓரமாகத்தான் படுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பேய்க்குப் பயப்படுவதா போலீசுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியிருந்தது. மேலே பூட்ஸ் சத்தம் கேட்டது. அது துவாரத்தைச் சுற்றி வந்தது, பிறகு படியில் இறங்கியது.

வழிகாட்டி சட்டென்று உரத்த குரலில் தொட்டியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். மாமா அவசர அவசரமாக மொழிபெயர்த்தார். அவர் என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கல், சுண்ணாம்பு, மழை, கல் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இறங்கி வந்த போலீஸ்காரர் பாதிப் படியில் நின்று அதைக் கேட்டார். பிறகு டார்ச்சை அடித்தார். வெளிச்சம் ஒவ்வொரு முகமாக வந்தது. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவர் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். வெளிச்சம் மாமாவைத் தாண்டி என் மேல் வந்து நின்றது.

அம்மா என் வாயிலிருந்து கையை எடுத்தாள். நான் சிரித்தேன்.

அரைகுறையாகச் சிரித்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதனால் முடிந்த மட்டும் சிரித்தேன். மேல்வரிசையில் எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்த ஆள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழிகாட்டியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். வழிகாட்டியும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பூட்ஸ் சத்தம் படியேறிப் போனது. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை யாரும் அசையவில்லை.

வெளியே வந்ததும் மாமா ஒரு கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைத் தட்டிக் கொடுத்து, கெட்டிக்காரி, எல்லோரையும் நீதான் காப்பாற்றினாய் என்றார். மற்றவர்களும் வந்து ஆளுக்கு ஒரு தடவை என் கன்னத்தைத் தொட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அங்கிக்குள் பாவாடை நனைந்திருந்தது, அது வேர்வையில் அல்ல. அப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லையே. பிறகு நானாகவே நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வருகிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மா என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் என் கன்னங்களைப் பிடித்து, உதட்டை மெல்ல மூடினாள்.

“போதும்டி. போயிட்டாங்க. போதும்.”

அன்று சாயங்காலம் வாசித்த தாளில் எங்கள் பெயர் இருந்தது. மாமாவின் பெயர் இல்லை. அவர் எங்கள் பெட்டியை பஸ் வரை தூக்கி வந்து கொடுத்துவிட்டு, தனக்கும் ஏதாவது ஃபேக்ஸ் வந்திருக்கிறதா என்று கேட்க உள்ளே ஓடினார். ஷார்ஜா விமான நிலையத்தில் அப்பா நின்றிருந்தார். அவ்வளவு நாளில் இளைத்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே விடவே இல்லை. அவர் சட்டையில் எப்போதும் அடிக்கும் எண்ணெய் வாடையை முகர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீரங்கி, குதிரை, தொட்டி, டார்ச். கட்டிலின் மேல் ஏறி நின்று, எப்படிச் சிரித்தேன் என்று செய்தும் காட்டினேன். அப்பா கைதட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை செய் என்றார், செய்தேன். அப்போது அடுப்பு மேடையிலிருந்த அம்மா திரும்பாமலே பேசினாள்.

“அவ பயந்துக்கிட்டே சிரிக்கக் கத்துக்கிட்டா. நாங்க ஊருக்குப் போயிடுறோம்.”

அப்பா கைதட்டுவதை நிறுத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி அவர்கள் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். விசா வந்துவிட்டதே, அடுத்த தடவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடலாம் என்று அப்பா கெஞ்சியது எனக்குக் கேட்டது. அம்மா அழுதாள், ஆனால் பிடியை விடவில்லை. என் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை, சொன்னபடியே செய்தேன், அதனால்தான் எல்லோரும் தப்பித்தோம். என்னைப் போல ஒருத்தி இருக்கும்போது இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் தீவுக்குப் போய்வரலாம், நாங்கள் மூவரும் எப்போதும் இந்த அறையில் ஒன்றாக இருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

விசாவில் இன்னும் நாள் பாக்கி இருக்கும்போதே திருச்சிக்கு டிக்கெட் எடுத்தார்கள். அந்த வருஷம் ஊரில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள் அம்மா. அதன் பிறகு நான் பெரியவளாகிக் கல்யாணம் ஆகிப் போகும் வரை அப்பா லீவில் வந்து போகிறவராகவே இருந்தார். வரும்போதெல்லாம் என்னோடு பேச அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவர் கிளம்புகிற நேரத்தில்தான் அது விலகும்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு விமானத்தில் எனக்கு ஜன்னல் பக்கத்து இடம் கிடைத்தது. அம்மா எனக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்து, நம்மை யார் பிடித்தது என்று கேட்டேன். அவள் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். பிடிபட்டவர்களைத்தான் ஊருக்கு அனுப்புவார்கள் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும்.