வால்வில் குறை இல்லை

என் தங்கை புருஷனுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வைத்த பேர் 'பரபரப்பு'. டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். இப்போது தங்கைக்கு நிறைமாதம் வேறு. ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முதல் பிரசவத்துக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினான். அதன்பின் கார் கிளம்பவே இல்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. இன்னமும் அதே கார்தான். பெட்ரோல் போட்டதும் மக்கர் பண்ணுகிற குணமும் அதேதான்.

டாங்கில் எழும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அது மூடாமல் நின்றுவிட்டால் இப்படி ஆகும். இவன் ஓட்டிவந்த சூட்டோடு குழாயைக் கழற்றி, காற்றை இழுக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பான்.

"இழுக்குது மச்சான்! வால்வு போச்சு!"

இன்ஜின் சூடானால் வால்வு திறக்கத்தான் செய்யும், இழுக்கத்தான் செய்யும். இது அவனுக்கும் தெரியும். ஆனால் ஆறும்வரை உட்காரணுமே! இதற்குள் இரண்டு வால்வு மாற்றிவிட்டான்.

நேற்று சாவியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "ஆறுற வரைக்கும் கிட்ட வந்தே, கையை ஒடிச்சிடுவேன் மாப்ள." கூட வந்த தங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்; அவன் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்து என் உயிரை வாங்கினான்.

ஆறியதும் வால்வைக் கழற்றி ஊதினேன். காற்று போகவில்லை. பேட்டரி ஒயரைத் தொட்டுவைத்தேன். 'டிக்' என்றது, காற்று போயிற்று. ஒயரை எடுத்தேன், அடைத்துக்கொண்டது. பத்தரை மாற்று வால்வு!

அடுத்து, ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவைக் கழற்றினேன். ஆவி மட்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பெட்ரோலே சொட்டியது. டாங்கை வழிய நிரப்பினால் பெட்ரோல் இங்கே ஏறி, இன்ஜினுக்குள் போய் வண்டியைக் கிளம்பவிடாது.

"பம்புல தானா நின்னப்புறமும் ஊத்தச் சொல்வியா?"

"வழியில தீந்துடக் கூடாதேன்னு வாய் வரைக்கும் போடச் சொல்வேன்."

'அறிவிருக்கா' என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவன் அசையாமல் நின்றான்.

"அப்ப அன்னிக்கும் நான்தானா மச்சான்?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை மெல்ல எழுந்து வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்கன்னு அன்னிக்குச் சொன்னது நான்தாங்க," என்றாள்.

உண்மையா, அவனுக்காகச் சொன்னாளா, நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.