ஜெனீவாவிலிருந்து போலீஸ் வராது

மனித உரிமை ஒப்பந்தங்களை அமல்படுத்தும் தொழிலில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். இதே வேலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் விவேக் நகரில் ஒரு சின்ன அமைப்பில் இருந்தேன். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையோரக் குடிசைகளை இடிக்கப்போவதாக அடிக்கடி நோட்டீஸ் வரும். அதை ஜெனீவாவில் கூடும் ஐ.நா. குழுவிடம் கொண்டுபோவது எங்கள் வேலை.

முதலில் அவர்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடு தன்னைப் பற்றித் தானே குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அது வந்த பிறகுதான் அதை மறுத்து நாங்கள் ஒன்று தர முடியும். அரசாங்கத்தின் அறிக்கையோ வருடக்கணக்கில் தாமதம். அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்த சகாயமேரி அக்காவிடம் இதை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ, இடிக்கிறவனே வந்து எழுதிக் குடுக்கற வரைக்கும் நாம வாயைத் திறக்கக் கூடாது. நல்லா இருக்கு தம்பி உங்க சட்டம்."

ஆழ்ந்த கவலை

ஒருவழியாக அரசாங்க அறிக்கை வந்து, குழு கூடியது. மாற்று இடம் தராமல் ஏழைகளை வெளியேற்றுவது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தது. ஆபீஸில் லட்டு கொடுத்தோம். நான் குடிசைகளுக்குப் போய் அதைப் படித்துக் காட்டினேன்.

"போலீஸ் அனுப்புவாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. சில வருஷம் கழித்து அரசாங்கத்தை மறுபடி கேட்பார்கள்."

அக்காவின் கணவர் அந்தோணி பீடியை அணைத்தார். "கவலைப்பட வீட்லயே இவ இருக்கா சார். தடுக்கறதுக்கு யாராவது இருந்தா சொல்லுங்க."

தபால் வேலை

குழுவின் கவலை டெல்லியோடு நின்றுவிடும். இடிக்கும் ஆபீஸுக்கு நாம்தான் சுமந்து போக வேண்டும். போனேன். அதிகாரி காபி வரவழைத்தார், மரியாதையாகப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்துப் போட்டது டெல்லி, ஸ்வாமி. ஜேசிபி மட்டும்தான் என்னுது."

அடுத்த வாரம் இடிக்க நாள் குறித்துவிட்டார்கள்.

ஹைகோர்ட்

ஜெனீவாவில் குழு கேட்டபோது, மாற்று இடம் கொடுக்காமல் யாரையும் வெளியேற்றுவதில்லை என்று அரசாங்கப் பிரதிநிதி பெருமையாகப் பதில் சொல்லியிருந்தார். எங்கள் வக்கீல் அந்தப் பதிலை ஹைகோர்ட்டில் வாசித்தார். "அங்கே சொன்னது பொய்யா?" என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். மாற்று இடம் தரும்வரை இடிக்கத் தடை.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அங்க போய்ப் பொய் சொன்னாங்களா? நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு சொல்லச் சொல்லுங்க தம்பி, தண்ணிக் குழாயும் வந்துடும்."

அரசாங்கம் வெளியூரில் அடித்துக்கொண்ட பெருமையை உள்ளூரில் ஞாபகப்படுத்துவதைத் தவிர, எங்கள் தொழிலில் வேறு ரகசியம் எதுவும் கிடையாது.